தக்கை ஓக்கில் இலை கொட்டுகிறது, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: போர்ச்சுகலின் அலென்டேஜு பகுதியில் தக்கை ஓக் மரங்கள் (பட்டையை உரித்துப் பாட்டில் தக்கை செய்யும் மரம்) நிற்கும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆடு வளர்க்கிறேன். ஏப்ரலில் இலைகள் பழுத்துக் கொட்டுகின்றன. தாழ்வான பக்கத்தில் சில மரங்களின் உச்சிக் கிளைகள் காய்ந்துவிட்டன. நுண்ணூட்டம் தெளித்து, மரத்தடியைச் சட்டிக் கலப்பையால் உழச் சொல்கிறார் கடைக்காரர். டிராக்டரும் அவரிடமே வாடகைக்குக் கிடைக்கும். செய்யலாமா?

பதில்: இலை கொட்டுவதற்குப் பயப்பட வேண்டாம். இது எப்போதும் பச்சையாக நிற்கும் மரம்தான், ஆனாலும் பழைய இலையை வசந்தத்தில் கழித்துவிட்டுத்தான் தளிர் விடும். தளிர் வருகிறதென்றால் சும்மா விடுங்கள்.

உச்சி காய்ந்த மரங்கள் வேறு கதை. அடியில் மண்ணைக் கையால் விலக்கிச் சல்லிவேரைப் பாருங்கள். கறுத்து, நுனியில்லாமல் மொட்டையாக இருந்தால் ஃபைட்டோப்தோரா வேரழுகலாக இருக்கலாம். மண்ணும் வேரும் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்யுங்கள். நீர் தேங்கும் இடத்தில் இந்தக் கிருமி பெருகும். டயரிலும் கலப்பையிலும் ஒட்டிய சேற்றோடு அடுத்த மரத்துக்குப் போகும். இலையில் தெளிக்கும் நுண்ணூட்டத்தால் இதற்கு ஒரு பயனும் இல்லை. தீவனத்துக்கு மஞ்சள் லூபின் விதைத்திருந்தால் நிறுத்துங்கள், அதன் வேரிலும் இது வளரும்.

சட்டிக் கலப்பையை மரத்தடிக்குக் கொண்டுபோகவே கூடாது. இந்த மரத்துக்கு ஆழமான ஆணிவேர் உண்டு. ஆனால் உணவு எடுக்கும் வேர்கள் மேல்மண்ணில்தான் பரவிக் கிடக்கின்றன. மழையே இல்லாத நீண்ட கோடைக்கு முன்னால் அவற்றை அறுத்துவிட்டால் மரம் எதை வைத்துத் தாங்கும்? அறுபட்ட வேர் நோய்க்கும் வாசல். தீக்குப் பயந்து புல்லை அடக்க வேண்டுமென்றால் மண்ணைத் தொடாமல் வெட்டிவிடுங்கள். மருந்தும் விற்று டிராக்டரும் வாடகைக்கு விடுபவர் உழ வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? அவரிடம் யோசனை கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். முழங்கால் உயரக் கன்று ஒன்றாவது உங்கள் நிலத்தில் இருக்கிறதா? ஆடும் கலப்பையும் சேர்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. முதல் பட்டை உரிக்கவே மரத்துக்குச் சுமார் 25 வயதாக வேண்டும். அப்புறம் 9 ஆண்டுக்கு ஒருமுறை. பாட்டில் தக்கைக்கு ஏற்ற பட்டை மூன்றாவது உரிப்பில்தான், அதாவது 40 வயதைத் தாண்டித்தான் வரும். இன்று கன்று இல்லையென்றால் அந்த இடைவெளியை எந்த உரமும் நிரப்பாது.

பையில் சுருண்ட வேரோடு விற்கும் நாற்றை வாங்காதீர்கள். இலையுதிர்காலத்தில் விழும் ஓக் கொட்டையைப் பொறுக்கி, தண்ணீரில் மிதப்பதைத் தள்ளிவிட்டு, காயும் முன்பே நேரடியாக ஊன்றுங்கள். சுண்ணாம்பு மண்ணைத் தவிருங்கள். அமிலத் தன்மையுள்ள மணற்பாங்கான மண்தான் இதற்குப் பிடிக்கும். சுற்றிலும் வலை கட்டி ஆட்டைத் தடுத்துவிடுங்கள்.

அடிமரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண் இருக்கும்: கடைசியாக உரித்த ஆண்டின் கடைசி இலக்கம். 9 என்றால் 2019. அடுத்த முறை வந்தாலும் உச்சி காய்ந்த மரங்களை உரிக்க வேண்டாம் என்று நில உரிமையாளரிடம் இப்போதே பேசுங்கள். சட்டம் காக்கும் மரம் இது. காய்ந்ததை வெட்டுவதானாலும் முதலில் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.