அடியில் 'ஏ.கே.' என்று இருந்தால் அசல் டெல்ஃப்ட்டா?

கேள்வி: நெதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். ஒரு பழம்பொருள் கடையில் நீலப் பூ வரைந்த டெல்ஃப்ட் தட்டுக்கு (இங்குள்ள டெல்ஃப்ட் என்ற ஊரின் பெயர்பெற்ற நீல-வெள்ளைத் தட்டு) 600 யூரோ சொல்கிறார்கள். அடியில் 'ஏ.கே.' முத்திரை. 300 ஆண்டுக்கு மேல் பழையது என்று சான்றிதழும் தருவார்களாம். வாங்கலாமா?

பதில்: முத்திரையை நம்பி வாங்காதீர்கள். 'ஏ.கே.' என்பது ஆட்ரியானுஸ் கொக்ஸ். டெல்ஃப்டில் 'கிரேக்க ஏ' என்ற பட்டறையை 1686 முதல் 1701 வரை நடத்தியவர். இங்கிலாந்து ராணி மேரிக்கே செய்து கொடுத்தவர். அந்த மவுசுக்காகவே பின்னால் வந்த யார் யாரோ அந்த இரண்டு எழுத்தைப் போட்டுக்கொண்டார்கள்.

விளிம்பைப் பாருங்கள். பழைய டெல்ஃப்ட் பீங்கானே அல்ல. மஞ்சள் சாயலுள்ள மண்ணில் செய்து, வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சால் அந்த நிறத்தை மறைத்தார்கள். பூச்சு விளிம்பில் பொட்டுப் பொட்டாக உதிரும். உதிர்ந்த இடத்தில் பிஸ்கட் நிற மண் தெரிந்தால் மேற்கொண்டு பேசலாம். உள்ளேயும் பளீர் வெள்ளை என்றால் கொக்ஸ் காலத்தது இல்லை. அப்புறம் லென்ஸ் வைத்து நீலத்தைப் பாருங்கள். சுடாத பூச்சின் மேல் தூரிகை பட்டவுடன் அது சாயத்தை உறிஞ்சிவிடும், அழித்துத் திருத்த வழியில்லை. அதனால் கோடு ஓரிடத்தில் கனத்து, ஓரிடத்தில் வெளிறி ஓடும். சீரான புள்ளிகளாகத் தெரிந்தால் அது கையால் வரைந்ததல்ல, அச்சிட்டது.

ஒரு விதிவிலக்கு உண்டு. அடியில் ஜாடிப் படமும் 'ஜே.டி.' என்ற பின்னலெழுத்தும் இருந்தால் அது ராயல் டெல்ஃப்ட். 1653-இல் தொடங்கிய பட்டறை; 1876-இல் யோஸ்ட் தோஃப்ட் வாங்கிய பிறகு வெள்ளை மண்ணுக்கு மாறியது. ஆகவே அதன் உட்புறம் வெள்ளையாகத்தான் இருக்கும், போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். கையால் வரைந்ததில் ஓவியரின் பெயரெழுத்து இருக்கும். 1879-க்குப் பிந்தையது என்றால் ஆண்டைக் குறிக்கும் எழுத்தும் இருக்கும். வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் அதைக் காட்டி '300 ஆண்டு' என்றால் பொய்.

சான்றிதழா? கடைக்காரரே கம்ப்யூட்டரில் அடித்துக்கொள்வது. பெல்ஜியத்தில் போக் கம்பெனி அச்சிட்ட தட்டின் அடியிலும் 'டெல்ஃப்ட்ஸ்' என்று இருக்கும். ஏலப் பட்டியலிலோ 'டெல்ஃப்ட் பாணி' என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார்கள். கேட்க ஆளில்லை, கேட்டாலும் 'நீங்கள்தான் படித்திருக்க வேண்டும்' என்பார்கள்.

'டெல்ஃப்ட், 1686–1701, தவறென்றால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்' என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் கிளம்பிவிடுங்கள். எழுதித் தந்து வாங்கினாலும் அதில் சாப்பாடு பரிமாறாதீர்கள், பூச்சில் காரீயம் உண்டு.