ஷியாவா ஷாங்கா, எது முதல் வம்சம்?

சீனாவின் முதல் வம்சம் ஒரு புத்தகத்தில் ஷியா, இன்னொன்றில் ஷாங் என்று இருக்கிறது, தேர்வில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே தப்பில்லை, அளவுகோல்தான் வேறு. மரபுப்படி முதல் வம்சம் ஷியா. எழுத்துச் சான்று உள்ள முதல் வம்சம் ஷாங். விடையில் இந்த இரண்டு வரியையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஷாங் அரசர்களின் பட்டியலை கி.மு. 100 வாக்கில் சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதி வைத்திருந்தார். வெறும் கதை என்று பலர் நினைத்தார்கள். அப்புறம் சீனாவின் அன்யாங் நகரில் எழுத்து பொறித்த ஆமை ஓடும் மாட்டு எலும்பும் ஆயிரக்கணக்கில் கிடைத்தன, 1928-ல் முறையான அகழாய்வும் தொடங்கியது. எலும்பின் பின்பக்கம் குழி தோண்டி, சூடு வைத்து, விழுகிற விரிசலைப் பார்த்துக் குறி சொல்லி, கேட்ட கேள்வியை அதிலேயே செதுக்குவார்கள். ஷாங் மன்னன் வூ டிங், தன் மனைவி ஃபூ ஹாவுக்குப் பிரசவம் நல்லபடியாக நடக்குமா என்று கேட்டது அப்படியே இருக்கிறது. பதிலும் இருக்கிறது: நல்லதல்ல, பிறந்தது பெண். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த ஒரு வரி என்னை இன்னும் உலுக்குகிறது, ஏனென்றால் அந்த ஃபூ ஹாவே படை நடத்தியவள். அவள் கல்லறை 1976-ல் கொள்ளை போகாமல் முழுசாகக் கிடைத்தது. சிமா சியானின் பட்டியலும் எலும்புகளில் உள்ள பெயர்களும் பெரும்பாலும் பொருந்திப் போகின்றன.

ஷியாவுக்கு இப்படி எழுத்து எதுவும் கிடைக்கவில்லை. லுவோயாங் நகர் அருகே எர்லிடோ என்ற இடத்தில் அரண்மனை அடித்தளமும் வெண்கலப் பாத்திரங்களும் உண்டு, சீன ஆய்வாளர்கள் பலர் அதை ஷியா என்றே சொல்கிறார்கள். ஆனால் பெயர் பொறித்த ஒரு துண்டுகூட அங்கே இல்லை, சிக்கலே அதுதான். ஷாங்கை வீழ்த்திய சௌ வம்சத்தின் தொடக்கத்துக்கு கி.மு. 1046 என்று போடலாம்.