கோத்தா கினபாலுக்கு மைவி காரை யாரிடம் கொடுத்து அனுப்புவது?

கேள்வி: வணக்கம் ஐயா. செந்தூலில் இருக்கிறேன். வேலை மாற்றலில் அடுத்த மாதம் சபாவில் உள்ள கோத்தா கினபாலு போகிறேன்; குறைந்தது மூன்று வருடம் அங்கேதான். ஆறு வருடம் ஓட்டிய மைவி 1.5 ஒன்று இருக்கிறது. 9 வருடக் கடன், 3 சதவிகித வட்டி, மாதம் 480 வெள்ளி, இன்னும் 36 மாதம் பாக்கி. கப்பலில் அனுப்ப மூன்று பேரிடம் விலை கேட்டேன். ஒருவர் 1,450, இன்னொருவர் 1,980, மூன்றாமவர் வீட்டு வாசலுக்கே வந்து எடுத்து, அங்கே வாசலில் இறக்கித் தர 2,450. ரசீது காட்டினால் கம்பெனி 1,500 வெள்ளி வரை தரும். 1,450 சொன்னவர் முழுப்பணத்தையும் முன்னாலேயே தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா? இல்லை, காரை விற்றுவிட்டுப் போவது மேலா? காரின் பூட்டில் (பின்பெட்டியில்) கிரைண்டர், பாத்திரங்களை அடுக்கி அனுப்பலாமா? – செந்தூல் வாசகி

பதில்: விற்பதை முதலில் பார்த்துவிடுவோம், அது சுருக்கமாக முடியும். விற்பதென்றால் கடனை முன்கூட்டியே அடைக்க வேண்டும். உங்களுடைய மாதிரி நிலைவட்டிக் கடனில், அதாவது முதலில் வாங்கிய முழுத்தொகைக்கே வருடந்தோறும் வட்டி போடுகிற கடனில், வட்டியின் பெரும்பகுதி முதல் வருடங்களிலேயே கழிந்துவிடுகிறது. தவணைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு பாக்கி இருக்கிறதே என்று வட்டியிலும் மூன்றில் ஒரு பங்கு திரும்பி வராது. '78-இன் விதி' என்று சொல்லப்படும் கணக்கில் 108 மாதக் கடனுக்கு 36 மாதம் பாக்கி என்றால், முன்கூட்டியே அடைப்பதற்குக் கிடைக்கும் தள்ளுபடி மொத்த வட்டியில் சுமார் 11 சதவிகிதம்தான். உங்கள் கடனில் மொத்த வட்டி 11,000 வெள்ளி அளவுக்கு வரும். இன்றைக்கு அடைத்தால் வட்டியில் மிச்சமாவது சுமார் 1,250 வெள்ளி. அங்கே போய்ப் புதிதாக வாங்கலாம் என்றால், சபாவில் புது மைவியின் விலைப்பட்டியலே இங்கேயைவிடக் கூடுதல். மூன்று வருடம் ஓட்டப்போகிற, பழக்கமான கார். அனுப்புங்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது? நீங்கள் அனுப்பிய மூன்று வாட்சாப் செய்திகளையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தேன். 1,450 சொன்னவர் கடைசி வரியில் சின்னதாகச் சேர்த்திருக்கிறார்: அங்கே துறைமுகக் கட்டணம் 180, காப்புறுதி வேண்டுமென்றால் 280. ஆக 1,910. இரண்டாமவரின் 1,980-இல் இரண்டுமே அடக்கம். உங்களை இழுக்கிற வித்தியாசம் 530 வெள்ளி இல்லை, வெறும் 70 வெள்ளி.

அந்த 70 வெள்ளிக்காக ஒரு தனிமனிதரின் கணக்கில் முழுப்பணத்தையும் போடச் சொன்னால் நான் போடமாட்டேன். கம்பெனி பெயரில் ரசீது வராவிட்டால் உங்கள் முதலாளி தருகிற 1,500-உம் போகும். அப்புறம், காரையும் கொடுத்து, பணத்தையும் கொடுத்து, பெயர் தெரியாத ஒருவரின் போனை நம்பிக் காத்திருக்க வேண்டும். எந்தக் கணக்கில் பணம் போடுவதற்கு முன்பும், மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் தட்டிப் பாருங்கள். நிறுவனங்களைப் பதிவுசெய்யும் எஸ்எஸ்எம் ஆணையத்தில் நிறுவனம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெயர் சுத்தமாக வந்தால் நல்லவர் என்று அர்த்தமில்லை. அழுக்காக வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

இன்னொன்று: விலை சொல்கிற பலரிடம் கப்பலும் கிடையாது, லோரியும் கிடையாது. உங்கள் காரை வாங்கி இன்னொருவரிடம் ஒப்படைக்கிற இடைத்தரகர்கள். அதில் தப்பில்லை. ஆனால் இரண்டு கேள்வி கேளுங்கள். கப்பலின் பெயரும் புறப்படுகிற தேதியும் என்ன? பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பல் சரக்குச் சீட்டில், சரக்கை ஏற்பவராக யார் பெயர் இருக்கும்? பதில் வரத் தாமதமானாலே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். சுங்கத்துறையின் கே3 பாரத்தை, அதாவது மலேசியாவுக்குள் கடல் கடந்து சரக்கு அனுப்ப நிரப்பும் படிவத்தை, யார் போடுகிறார்கள், அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள்.

காப்புறுதியைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். "என்னிடம்தான் முழுக் காப்புறுதி இருக்கிறதே" என்பார்கள். உங்கள் மோட்டார் பாலிசிப் புத்தகத்தைத் திறந்து, கார் ஏற்றிச் செல்லப்படும்போது என்ற பகுதியைத் தேடுங்கள். சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி என்று எழுதிவிட்டு, கடல் என்று வருகிற ஒரே இடம் பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலான நீரிணைதான். பினாங்கு பெரி (படகு) கார் ஏற்றுவதை நிறுத்தி, 2021 முதல் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றுகிறது. பாலிசியில் அந்த வரி இன்னும் குந்தியிருக்கிறது. தென்சீனக் கடல் அதில் இல்லை. சபாவிலிருந்து லாபுவானுக்குப் பெரியில் போவதற்கே பாலிசிக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும்.

அதனால் கடல் காப்புறுதி கட்டாயம் வேண்டும். எது என்று பார்த்து வாங்குங்கள். 'முழு இழப்புக்கு மட்டும்' என்றால் கப்பலோடு கார் முழுகினால்தான் காசு. பழைய கார் என்றால் கீறல், நசுங்கல் தவிர என்று ஒரு வரி சேர்ப்பதும் உண்டு. இரண்டாமவரும் மூன்றாமவரும் 'காப்புறுதி அடக்கம்' என்கிறார்கள். எந்த வகை, எவ்வளவு மதிப்புக்கு? பாலிசியின் பிரதியைக் கேளுங்கள். உங்கள் கார் இன்று 35,000 போகும் என்றால் 20,000-க்கு எடுத்த காப்புறுதி பாதிக் காப்புறுதிதான்.

கடல் வழக்கம் ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. கப்பல் தீப்பிடித்தோ தரைதட்டியோ அதைக் காப்பாற்றச் செலவானால், அதில் சரக்கு ஏற்றிய எல்லோரும் பங்கு தரவேண்டும். உங்கள் மைவியில் ஒரு கீறல்கூட விழாவிட்டாலும் சரி. அந்தப் பங்குக்கு உத்தரவாதம் தராமல் காரை விடமாட்டார்கள். கடல் காப்புறுதி இருந்தால் அந்தத் தலைவலி காப்புறுதி நிறுவனத்துடையது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் என் பழைய வாஜா காரைக் கூச்சிங்குக்கு அனுப்பினேன். ஒப்படைக்கும்போது ஒரு தாள் தருவார்கள். அதில் காரின் படம் நான்கு பக்கமும் வரைந்திருக்கும், கீறல் உள்ள இடத்தில் பேனாவால் வட்டம் போட வேண்டும். அந்தப் பையன் ஒரு வட்டமும் போடவில்லை. கீழே 'சுற்றிலும் கீறல்' என்று இரண்டே சொல் எழுதி நீட்டினான். வெயில், பசி, கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூச்சிங்கில் பின்பம்பர் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து வந்தது. "அதான் சுற்றிலும் கீறல்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்கள். 400 வெள்ளி என் பையிலிருந்து போனது.

நீங்கள் வட்டம் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கழுவிய காரைப் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள், ஓடிய கிலோமீட்டர் தெரிகிற மாதிரி ஒன்று. அங்கே எடுக்கும்போதும், பார்த்த சேதத்தை எழுதிய பிறகே கையெழுத்து. உடனே கண்ணில் படாத சேதத்தை மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது கடல்வழிச் சரக்கு விதி. பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். அங்கேயும் இந்தத் தாள்தான் பேசும்.

ஆகவே நான் உங்கள் இடத்தில் இருந்தால், காப்புறுதிப் பிரதியைக் காட்டினால் இரண்டாமவரிடம் கொடுப்பேன். மூன்றாமவர் கூடுதலாகக் கேட்கிற 470 வெள்ளி, காரை வாசலில் ஏற்றி வாசலில் இறக்கத்தான். நீங்களே ஒரு காலையில் கிள்ளான் துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டு, கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து செந்தூலுக்கு மாறி வீடு திரும்பலாம். லோரியில் ஏற்றி இறக்கும் ஒரு கையும் குறையும். அங்கே காரை எடுக்க உங்களால் துறைமுகத்துக்குப் போக முடியாது என்றால் மட்டும் மூன்றாமவரைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் இன்றே செய்ய வேண்டியது ஒன்று: வங்கிக்கு எழுதுங்கள். கடன் முடியும்வரை கிரானில் (காரின் உரிமைச் சான்றிதழில்) வங்கியின் உரிமைக் குறிப்பு இருக்கும். சபாவுக்கு அனுப்ப அதன் சம்மதக் கடிதம் கேட்பார்கள். கப்பல் தேதி கிடைத்தும் கடிதம் வராமல் கார் துறைமுகத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படியே மோட்டார் காப்புறுதிக்காரருக்கும் முகவரி மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள்.

கிரைண்டர்? வேண்டாம். காருக்குள் வைத்த சாமானைக் காப்புறுதி பார்க்காது, பல நிறுவனங்கள் ஏற்றவும் விடாது. அலையில் கல் உருண்டால் பூட்டுக்குள் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டச் அண்ட் கோ அட்டை, டேஷ்கேம் எல்லாவற்றையும்கூட எடுத்துவிடுங்கள். பெட்ரோல் கால் டாங்க் போதும். கிரைண்டரைத் தனியாகச் சரக்கில் போடுங்கள், கல்லைக் கழற்றி ஒரு பழைய கைலியில் சுற்றி.