165 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 60தான் வருகிறதா? கார்டை மாற்றும் முன் கேபிள் சொருகிய இடத்தைப் பாருங்கள்

கேள்வி: மகன் கேட்டான் என்று 27 அங்குல மானிட்டர் வாங்கினேன். 2560க்கு 1440 புள்ளிகள், 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 165 படம்) என்று பெட்டியில் போட்டிருக்கிறது. கூடவே வந்த எச்டிஎம்ஐ கேபிளை, கம்ப்யூட்டரின் பின்னால் கீபோர்டு, மவுஸ் மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் சொருகினேன். படம் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் செட்டிங்ஸில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை. 10ஆம் தலைமுறை ஐ5, ஜிடிஎக்ஸ் 1650 கார்டு உள்ள கம்ப்யூட்டர். 2,800 ரூபாய்க்கு ‘எச்டிஎம்ஐ 2.1’ கேபிளும் புது கிராபிக்ஸ் கார்டும் போட வேண்டும், 60இலேயே ஓட்டினால் கண் கெட்டுவிடும் என்கிறார் கடைக்காரர். பகலில் அதே மானிட்டரில் நான் டேலியில் கணக்கு வேலை பார்க்கிறேன். என்ன செய்வது?

பதில்: கார்டு வேண்டாம். 2,800 ரூபாய் கேபிளும் வேண்டாம். கீபோர்டு, மவுஸுக்குப் பக்கத்தில் சொருகியதாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான்.

கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மேலே யுஎஸ்பி, நெட் கேபிள், ஸ்பீக்கர் எல்லாம் கூட்டமாக இருக்கும் பகுதி மதர்போர்டைச் சேர்ந்தது. அங்குள்ள எச்டிஎம்ஐயில் மாட்டினால், படத்தைத் தருவது பிராசஸருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான். அதற்குக் கீழே சற்றுத் தள்ளி, படுக்கை வாட்டில் தனித் தகடு ஒன்று, இரண்டு மூன்று போர்ட்டுகளோடு இருக்கும். அதுதான் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஜிடிஎக்ஸ் 1650. கார்டு இருந்தால் சில மதர்போர்டுகள் மேல் போர்ட்டை அணைத்துவிடும். படமே வராது, தவறு உடனே தெரிந்துவிடும். உங்களுடையதில் படம் வந்ததால் எல்லாம் சரி என்று நினைத்துவிட்டீர்கள். 10ஆம் தலைமுறை இன்டெல் போர்டுகளில் அந்த மேல் போர்ட் பெரும்பாலும் எச்டிஎம்ஐ 1.4. 2560க்கு 1440 அளவில் அது பெரும்பாலும் 60ஐத் தாண்டித் தராது.

கணக்கைப் பார்த்தால் கடைக்காரர் சொன்னது ஏன் தவறு என்று புரியும். உங்கள் திரையில் ஏறத்தாழ 36.8 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 165 முறை அனுப்பினால் 60 கோடிக்கு மேல். ஒரு புள்ளிக்கு 24 பிட் வீதம் நொடிக்கு 14.6 ஜிகாபிட். எச்டிஎம்ஐ 1.4இல் படத்துக்குக் கிடைப்பது சுமார் 8.2, எச்டிஎம்ஐ 2.0இல் 14.4, இன்னொரு வகை இணைப்பான டிஸ்பிளே போர்ட் 1.4இல் 25.9. உங்கள் கார்டில் உள்ள எச்டிஎம்ஐ போர்ட், 2.0 வகை. அதனால் கேபிளைக் கார்டுக்கு மாற்றினாலே 144 வந்துவிடும், ஆனால் 165 எட்டாது. டிஸ்பிளே போர்ட்டில் 165 தாராளமாக வரும். 2,800 ரூபாய் கேபிளை வாங்கியிருந்தாலும் அது போய்ச் சேருவது அதே 2.0 போர்ட்டில்தான். அரை அங்குலக் குழாயின் வாயில் இரண்டு அங்குல பைப்பைச் சேர்த்தால் தண்ணீர் கூடுதலாக வராது.

இந்தக் குழப்பத்துக்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. எச்டிஎம்ஐக்கு உரிமம் தருகிறவர்கள் 2.0 என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள். பழைய திறன் உள்ள போர்ட்டையும் இப்போது 2.1 என்று எழுதலாம். 48 ஜிகாபிட் வேகம் உட்பட புதிய வசதிகள் எல்லாம் தயாரிப்பாளரின் விருப்பம். மானிட்டர் பெட்டியில் 2.1 என்று இருந்தால் அதற்கு எந்த அர்த்தமும் இல்லை என்பது எவ்வளவு பெரிய அநியாயம்! கேபிளுக்கோ பதிப்பு எண்ணே கிடையாது. பிரீமியம் ஹை ஸ்பீட் என்றால் 18 ஜிகாபிட், அல்ட்ரா ஹை ஸ்பீட் என்றால் 48. இரண்டுக்கும் உறையில், கைபேசியால் ஸ்கேன் செய்யும் சான்று லேபிள் இருக்க வேண்டும். ‘2.1, 8கே, தங்க முலாம்’ என்று அச்சடித்து லேபிள் இல்லாமல் தொங்கும் கேபிளை நம்பாதீர்கள். தங்க முலாம் முனை துருப்பிடிக்காமல் இருக்கத்தான். அதனால் படம் ஒரு துளியும் மாறாது. 165 ஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சடித்து விற்றுவிட்டு, 165 வராத எச்டிஎம்ஐ கேபிளை மட்டும் உள்ளே வைக்கும் நிறுவனங்களை என்னவென்று சொல்வது? பெட்டியின் அடியில் அட்டை மடிப்புக்குள் ஒருமுறை தேடிப் பாருங்கள். சிலர் டிஸ்பிளே போர்ட் கேபிளும் வைத்திருப்பார்கள். இல்லையென்றால் இரண்டு மீட்டருக்கு மிகாத, ‘டிபி 1.4’ என்று எழுதிய சாதாரணக் கேபிள் போதும். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். மிக மலிவானது வேண்டாம். அவற்றில் சில, விதிப்படி இணைக்கவே கூடாத 20ஆம் முனையையும் இணைத்திருக்கும். அதன் வழியே மானிட்டரின் மின்சாரம் கார்டுக்குள் ஏறி, கம்ப்யூட்டர் ஆன் ஆகாமல் அடம்பிடிக்கும்.

மாட்டும் விதம். கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் அணைத்துவிட்டு எச்டிஎம்ஐயைக் கழற்றிவிடுங்கள். டிஸ்பிளே போர்ட் முனையில் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டிருக்கும். போர்ட்டின் வெட்டு மூலையோடு அதைப் பொருத்திச் சொருகினால் ‘டிக்’ என்று பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான கேபிள்களில் மேலே சிறு பொத்தான் இருக்கும். கழற்றும்போது அதை அழுத்திக்கொண்டுதான் இழுக்க வேண்டும். அழுத்தாமல் பிடுங்கினால் கொக்கி போர்ட்டையே பெயர்த்துக்கொண்டு வரும். பிறகு மானிட்டர் மெனுவில் இன்புட்டை டிஸ்பிளே போர்ட்டுக்கு மாற்றுங்கள். அதே மெனுவில் டிஸ்பிளே போர்ட் பதிப்பு என்று ஒன்று இருந்து 1.1 என்று காட்டினால், இருப்பதில் பெரிய எண்ணுக்கு ஏற்றுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் விண்டோஸ் பெரும்பாலும் 60இலேயே நிற்கும். அது தானாக 165க்குப் போவது அரிது. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், டிஸ்பிளே செட்டிங்ஸ், கீழே அட்வான்ஸ்டு டிஸ்பிளே. அங்கே முதலில் எந்தக் கார்டோடு இணைந்திருக்கிறது என்ற வரியைப் பாருங்கள். என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1650 என்று இருந்தால் சரி. இன்டெல் யுஎச்டி என்று இருந்தால் கேபிள் இன்னும் மேல் போர்ட்டில்தான் இருக்கிறது. அதன் பிறகு ரெஃப்ரெஷ் ரேட்டில் 165ஐத் தேர்ந்தெடுங்கள். 164.9 சொச்சம் என்று காட்டினாலும் கவலை வேண்டாம், அதுவும் 165தான். மவுஸ் அம்பை வட்டமாகச் சுற்றினாலே மாற்றம் கண்ணுக்குத் தெரியும். முன்பு 16.7 மில்லிநொடிக்கு ஒரு படம் வந்த இடத்தில் இப்போது 6 மில்லிநொடிக்கு ஒன்று வருகிறது.

மகனிடம் ஒன்று சொல்லி வையுங்கள். திரை 165 முறை புதுப்பிக்கும் என்பதால் விளையாட்டு 165 படங்களைத் தந்துவிடாது. வேலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டு ஓரளவு எட்டும். கனமானவை 1440 அளவில் இந்தக் கார்டில் 40, 50க்கு இறங்கும். அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்க, மானிட்டர் மெனுவில் ஃப்ரீசிங்கையும், என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்கையும் ஆன் செய்யுங்கள். ஃப்ரீசிங் மானிட்டரோடு இந்தக் கார்டில் அது பெரும்பாலும் டிஸ்பிளே போர்ட்டில்தான் வேலை செய்யும்.

இனி கண். 60 ஹெர்ட்ஸ் கண்ணைக் கெடுக்கும் என்பது பழைய டப்பா மானிட்டர் காலத்துப் பேச்சு. அதில் ஒளிக்கற்றை மேலிருந்து கீழ் வரை ஓடி ஒவ்வொரு வரியையும் ஒளிரச் செய்யும். அடுத்த சுற்று வருவதற்குள் வரி மங்கிவிடும். 60இல் அந்த மினுக்கல் கண்ணை உறுத்தும் என்பதால்தான் 75, 85 வைக்கச் சொன்னார்கள். தட்டைத் திரையில் புள்ளி மங்காது. அடுத்த படம் வரும்வரை அப்படியே நிற்கும், ஒளி பின்னால் இருக்கும் எல்இடியிலிருந்து வருகிறது. டேலிக்கு 60 போதும், 165இலும் கெடுதல் இல்லை. கண்ணின் பெயரைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தி விற்கப் பார்ப்பது கொஞ்சமும் சரியில்லை.

ஆனால் மினுக்கல் இன்னொரு வழியாக வரலாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைவலி என்று வருகிறவர்களில் சிலருக்கு இங்கேதான் விடை இருக்கிறது. சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது எல்இடியை உண்மையில் மங்கலாக்குவதில்லை. வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. ரெஃப்ரெஷ் ரேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 165 வைத்தாலும் மினுக்கும். பார்க்க ஒரு வழி உண்டு. இரவில் அறை விளக்கு எல்லாவற்றையும் அணையுங்கள். பழைய சோக் டியூப்லைட்டும் மினுக்கும் என்பதால் அது எரிந்தால் சோதனை பிழையாகும். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தை 20க்கு இறக்குங்கள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவித் திரைக்கு முன்னால் வேகமாக விசிறுங்கள். ஒரே மங்கலான படலமாகத் தெரிந்தால் மினுக்கல் இல்லை. விசிறி மடிப்பு போல ஐந்தாறு குச்சிகள் தனித்தனியாகத் தெரிந்தால் இருக்கிறது. அப்படியானால் வெளிச்சத்தைப் படிப்படியாக ஏற்றி, குச்சிகள் ஒன்றாகும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அது கண்ணைக் கூசும் அளவுக்குப் போனால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் மானிட்டரைத் திருப்பிவிடுங்கள்.

இந்தச் சோதனைக்கு முன் மெனுவில் எம்பிஆர்டி, அதாவது அசைவு மங்கலைக் குறைக்கும் வசதி, அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது எல்இடியை வேண்டுமென்றே வெட்டி வெட்டி எரிக்கும். ‘1 மில்லிநொடி’ என்ற விளம்பர எண் பெரும்பாலும் இதை ஆன் செய்தால் கிடைப்பதுதான். கணக்கெழுதும் மனிதருக்கு அது தேவையே இல்லை. புள்ளிகளை வேகமாக நிறம் மாற வைக்கும் ஓவர்டிரைவ் வசதியையும் நடுவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் நகரும் எழுத்துகளுக்குப் பின்னால் வெளிறிய நிழல் வால் போல ஓடும்.

எழுத்து சிறிதாக இருக்கிறது என்று ரெசல்யூஷனை 1920க்கு இறக்கிவிடாதீர்கள். எல்லாமே தண்ணீரில் நனைந்தது போல மங்கும். 2560க்கு 1440ஐ அப்படியே விட்டு, ஸ்கேலை 125 சதவீதமாக்குங்கள். வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே அளவில் தெரியும்வரை குறையுங்கள். கடையில் வைத்திருக்கும் அளவு வீட்டு அறைக்கு மிக அதிகம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு, கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

டிஸ்பிளே போர்ட்டில் மாட்டிய பிறகும் 165இல் திரை ஓரிரு நொடி கறுத்துக் கறுத்து வந்தால் 144க்கு இறக்கிப் பாருங்கள். 144இல் நிலையாக நின்றால் கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். கடைக்காரரிடம் கார்டு பேச்சை எடுக்காமல், கேபிளை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.