ஈரம் காட்டாத கசிவு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த ஐந்து கடிதங்கள் ஒரே நோயைப் பற்றியவை: ஏலத்தில் எடுத்த பழைய இராணுவ ட்ரக்குகளின் டீசல் வழியில் எயார் புகுவது. சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: எங்களுடையது டாட்டா ட்ரக், 697 எஞ்சின். காலையில் சாவி திருப்பினதும் பிடிக்கிறது. ஒன்றிரண்டு நிமிடம் ஓடி, இருமி, நின்றுவிடுகிறது. கைப்பம்பை நாற்பது தரம் அடித்து ஸ்டார்ட் பண்ணினால் பிறகு பொழுதுபடும்வரை ஒரு குறையும் இல்லை. நிலத்தில் ஒரு சொட்டு டீசலும் விழவில்லை. கராச்சில் டீசல் பம்பை இறக்க வேண்டும் என்கிறார்கள். இறக்கலாமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: இறக்காதீர்கள். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: உடனே பிடிக்கிறது, பிறகு நிற்கிறது. பில்டரிலும் டீசல் பம்பின் (நொசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பெரிய பம்ப்) வயிற்றிலும் இரவு முழுக்க டீசல் நிறைந்தே இருந்திருக்கிறது. அதைக் குடித்து முடித்ததும்தான் பின்னால் வந்த காற்றில் எஞ்சின் மூச்சடைக்கிறது. வெறுமையாகிக் கிடந்தது டாங்கிக்கும் பீட் பம்புக்கும் (டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறு பம்ப்) இடைப்பட்ட குழாய்.

அந்தத் துண்டு உறிஞ்சும் பக்கம். பீட் பம்ப் அங்கே டீசலை இழுக்கிறது. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால்தான் ஈரம் இல்லை. வண்டி நின்றதும் அதே ஓட்டையால் காற்றை வாங்கிக்கொண்டு குழாயிலுள்ள டீசல் டாங்கிக்கு இறங்கிவிடும். பகலில் புகும் சிறு குமிழ்கள், மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் மேல்வழிவு வால்வு வழியே டாங்கிக்குத் திரும்பிவிடுவதால் ஓட்டத்தில் குறை தெரிவதில்லை. பீட் பம்புக்கு அப்பால், பில்டரிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நொசில் வரை, ஓடும்போது எல்லாம் அழுத்தப் பக்கம். அங்கே கசிந்தால் நனையும், தூசி ஒட்டிக் கறுக்கும், கண்ணால் பிடிக்கலாம்.

முதலில் நோய் எந்தப் பக்கம் என்று பிரியுங்கள். 5 லீற்றர் சுத்தமான கானில் வடித்த டீசல் எடுத்து, பீட் பம்பின் உள்வழிக் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் குழாயை மாட்டிக் கானுக்குள் விடுங்கள். திரும்பிவரும் குழாய் டாங்கிக்கே போகட்டும். கானில் டீசல் குறைவதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கானை டாங்கியின் மட்டத்திலேயே வைக்க வேண்டும். பலர் பொனற்றுக்கு மேல் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அப்போது டீசல் தன் பாரத்தாலேயே இறங்கும், பீட் பம்பின் சொந்தக் கசிவு மறைந்துபோகும். எயார் எடுத்து (உள்ளே நின்ற காற்றை வெளியேற்றி; முறை கடைசியில் இருக்கிறது) ஸ்டார்ட் பண்ணுங்கள். முதல் ஐந்து நிமிடம் வரும் குமிழ்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதன்பின் குழாய் கண்ணாடிபோல் இருந்து, மறுநாள் காலையும் நிற்காமல் ஓடினால் குற்றம் டாங்கிப் பக்கக் குழாயில். கானை வைத்தும் அதே இருமல் என்றால் பீட் பம்பிலும் கைப்பம்பிலும் தேடுங்கள். சோதனை முடிந்ததும் அந்தப் பிளாஸ்ரிக் குழாயைக் கழற்றிவிடுங்கள். டீசலில் ஊறினால் சில வாரங்களில் விறைத்து வெடிக்கும், அதுவே புதுக் கசிவாகும்.

டாங்கிப் பக்கம் என்று தெரிந்தால் குழாயின் இரு முனையையும் கழற்றி, ஒன்றை அடைத்து, மற்றதில் அளவுமானி உள்ள சைக்கிள் பம்பால் 15 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தூரிகையால் ஒவ்வொரு மூட்டிலும் தடவுங்கள். நுரை கிளம்பும் இடம்தான் வாசல். டாங்கியை இணைத்தபடி இதைச் செய்யக்கூடாது. தகர டாங்கி அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. கொம்பிரசரை நேரே வைக்கவே வேண்டாம்.

பெரும்பாலும் அகப்படுபவை: கிளிப்புக்குக் கீழே வெடித்த ரப்பர் ஹோஸ், முன்பில்டர்க் கிண்ணத்தின் காஸ்கெற், பான்ஜோ போல்ட்டின் (குழாய் முனையின் வளையத்தைப் பூட்டும், டீசல் ஊடே போகும் துளைபோட்ட போல்ட்) செப்பு வொஷர்கள். ஹோஸ் வெளியே நல்லதாகத் தெரியும், வளைத்துப் பார்த்தால் கோடு கோடாக வெடித்திருக்கும். டீசலுக்கு என்று அச்சடித்த ஹோஸை, பழையதன் உள்விட்டத்திலேயே வாங்குங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைப் போட்டவர்கள் இரண்டாம் மாதமே திரும்பி வருகிறார்கள். செப்பு வொஷரை ஒருமுறை நெரித்தால் அது இறுகிவிடும். புதிது கிடைக்காவிட்டால் நெருப்பில் செந்நிறமாகும்வரை காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், மறுபடி மெதுமையாகும். பிறகு கண்ணாடித் தட்டில் 400 இலக்க எமெரித் தாளை விரித்து இரு முகத்தையும் தேய்த்து மட்டமாக்குங்கள். அலுமினிய வொஷருக்கு இந்த வைத்தியம் கிடையாது, எறிந்துவிடுங்கள்.

கைப்பம்பையும் மறக்காதீர்கள். அடித்து முடித்ததும் குமிழை அழுத்தித் திருகிப் பூட்டாமல் விட்டால் தண்டைச் சுற்றியே காற்றுப் போகும். பூட்டியும் போனால் உள்ளே சீல் தேய்ந்திருக்கிறது. முழுக் கைப்பம்பும் தனியாகக் கிடைக்கும், டீசல் பம்பை இறக்கும் செலவில் சிறு துண்டுதான். 697 என்ற இலக்கம் 6 சிலிண்டரையும் 97 மில்லிமீற்றர் துளையையும் சொல்வது. அதற்கு வரும் இந்திய மைக்கோ நிறுவனத்தின் பம்ப், ஜெர்மனியின் பொஷ் மாதிரியில் செய்யப்பட்டது. உதிரிப்பாகம் கேட்கும்போது பம்பின் பக்கத் தகட்டிலுள்ள எண்ணை எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: எனக்கு வேறு மாதிரி. காலையில் எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது. எயார் எடுத்தால்தான் பிடிக்கும். ஒளி ஊடுருவும் குழாயை மாட்டிப் பார்த்தேன், ஓடும்போது ஒரு குமிழும் இல்லை. (மல்லாவி)

பதில்: உங்களுக்கு பில்டரும் பம்பின் வயிறுமே இரவில் வடிந்துபோகின்றன. உறிஞ்சும் குழாய் சுத்தமாக இருந்தும் அது நடக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, பீட் பம்பின் உள்ளிருக்கும் திரும்பா வால்வுகளில் தூசு சிக்கி அவை முழுதாக மூடாமல் இருப்பது. கழற்றி, டீசலில் கழுவி, இருக்கையைப் பார்த்து, சுருள்வில்லை மாற்றிப் போடலாம். மற்றது, டீசல் பம்பின் மேல்வழிவு வால்வு. அது தேய்ந்தால் திரும்பும் குழாய் வழியே டீசல் டாங்கிக்கு இறங்கும். திரும்பும் குழாயின் நுனி டாங்கியில் டீசல் மட்டத்துக்கு மேல் தொங்கினால் காற்று அதே வழியால் ஏறும்.

எது என்று அறிய ஒரு இரவு போதும். பின்னேரம் எஞ்சினை நிறுத்தியதும் திரும்பும் ரப்பர்க் குழாயை ஒரு கிளாம்பால் நெரித்துவிடுங்கள். காலையில் கிளாம்பைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே பிடித்தால் மேல்வழிவு வால்வை மாற்றுங்கள். பிடிக்காவிட்டால் பீட் பம்பைத் திறவுங்கள். கிளாம்பை மறந்து எஞ்சினை ஓட்டாதீர்கள். சாவியோடு ஒரு துணித்துண்டைக் கட்டி வைத்தால் மறக்காது.

கேள்வி: இரண்டு டாங்கி உள்ள ட்ரக். கிரவல் றோட்டில் நெல் பாரத்தோடு போகும்போது பலம் குறைந்து நிற்கிறது. பத்து நிமிடம் விட்டால் பிடிக்கிறது. டாங்கி நிரம்பியிருந்தால் வருவதில்லை. எயாரா, அடைப்பா? (புதுக்குடியிருப்பு)

பதில்: நின்றவுடன், பிடிக்கும்வரை காத்திராமல், இரண்டு காரியம் செய்யுங்கள். டாங்கி மூடியைத் திறவுங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால் மூடியின் மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது; டீசல் குறையக் குறைய டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி வழி மறிக்கிறது. எங்கள் பக்கத்துச் செம்மண் தூசு அந்தத் துளையை அடைக்க ஒரு போகம் போதும். அடுத்து, பில்டர்த் தலையிலுள்ள எயார் திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை வந்தால் எயார். நுரையில்லாமல் டீசல் மெதுவாகக் கசிந்து வந்தால் அடைப்பு.

நிரம்பிய டாங்கியில் வராது என்பது முக்கியமான அடையாளம். டாங்கிக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் மேற்பாதியில் துரு ஓட்டை போட்டிருந்தால், டீசல் அந்த ஓட்டைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் காற்றை இழுக்கும். குழாயை வெளியே எடுத்து, மேல் வாயை அடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி ஊதிப் பாருங்கள். முகாமில் ஆண்டுக்கணக்காக அரைடாங்கியோடு நின்ற வண்டிகளில் இந்தக் குழாய் நல்லதாக இருப்பதுதான் அபூர்வம்.

இரண்டு டாங்கி என்பதால், எந்த டாங்கியிலிருந்து எடுப்பது என்று மாற்றும் திருகையும் சந்தேகியுங்கள். அதன் உள்சீல் தேய்ந்தால், ஒரு டாங்கியில் ஓடும்போது வெறுமையான மற்ற டாங்கியிலிருந்து காற்றை இழுக்கும். இரண்டையும் நிரப்பி ஒருநாள் ஓட்டிப் பாருங்கள். குறை மறைந்தால், மற்ற டாங்கிக்குப் போகும் குழாயைத் திருகையிலேயே கழற்றி அடைத்துவிட்டு, ஓடும் டாங்கி பாதிக்குக் கீழே இறங்கும்வரை ஓட்டுங்கள். குறை திரும்பினால் உறிஞ்சு குழாய், வராவிட்டால் திருகை.

அடைப்பும் எயாரும் தனித்தனி நோய் அல்ல என்பதையும் கவனியுங்கள். டாங்கி வலையில் சகதி அடைத்தால் பீட் பம்ப் இன்னும் வலிந்து இழுக்கும்; நேற்றுவரை தாங்கிய மூட்டு இன்று காற்று விடும். 2022 தட்டுப்பாட்டில் பீப்பாயில் சேர்த்த டீசலை ஊற்றிய வண்டிகளில் தண்ணீரும் கறுப்புச் சளியும் அடியில் தங்கியிருப்பது வழக்கம். வடிதிருகாணியைத் திறந்து தெளிந்த டீசல் வரும்வரை விடுங்கள். டாங்கியை ஒட்டவைக்க வெல்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டுமானால், ஆவி முழுதும் நீக்கத் தெரிந்தவரிடம் மட்டும். வெறுமையான டீசல் டாங்கியும் வெடிக்கும்.

கேள்வி: பான்ஜோ போல்ட்டுக்கு வெள்ளை ரேப்பும் (தண்ணீர்க் குழாய்ப் புரியில் சுற்றும் நாடா) சிலிக்கனும் போட்டு இறுக்கினோம். இரண்டு கிழமை நல்லது, பிறகு பழையபடி. (விசுவமடு)

பதில்: பான்ஜோவில் அடைப்பது புரி அல்ல, வொஷரின் முகம். ரேப் அங்கே ஒரு வேலையும் செய்யாது. அதன் நார் கிழிந்து பீட் பம்ப் வால்வில் சிக்கும். சாதாரண சிலிக்கன் டீசலில் ஊறிக் கழன்றுவிடும். இரண்டையும் சுரண்டி எடுங்கள். வலுவாக இறுக்கியும் பயனில்லை, புரி போய்விடும். பில்டர் மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும்: பழைய ரப்பர் வளையம் தலையில் ஒட்டியிருக்க மேலே புதியதை வைத்துப் பூட்டினால் அங்கேயே கசியும். மைக்கோ இரட்டைப் பில்டரில் முதலாவது துணி, இரண்டாவது தாள், இடம் மாற்றாதீர்கள்.

கேள்வி: அமெரிக்க எம்35 ட்ரக்கில் டாங்கிக்குள்ளேயே மின்பம்ப் உண்டாம். அதுபோல் எங்கள் வண்டிக்கும் ஒன்றைப் பூட்டினால் எயார் தொல்லை தீராதா? (முருங்கன்)

பதில்: எம்35ஏ2 இல் உண்டு, உண்மை. அங்கே டாங்கியிலிருந்தே டீசல் தள்ளப்படுகிறது. குழாய் முழுக்க அழுத்தப் பக்கம், ஓட்டை இருந்தால் சொட்டும். உங்கள் வண்டியிலும் டாங்கியை ஒட்டி, முன்பில்டருக்குப் பிறகு, ஒரு மெல்லழுத்தப் பம்பைப் பூட்டலாம். ஆனால் அது ஓட்டையை மூடாது, காற்று போன வழியால் டீசல் வரும். கசிவைக் கண்டுபிடிக்க நல்ல கருவி. சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் சொட்டினால் ஆபத்து. பல இராணுவ வண்டிகள் 24 வோல்ட். கார்க் கடையில் வாங்கும் 12 வோல்ட் பம்ப் அதில் எரிந்துபோகும். பியூஸ் போட்டு, சாவி மூடினால் பம்பும் நிற்கும்படி வயர் இழுங்கள்.

எது செய்தாலும் கடைசியில் எயார் எடுக்க வேண்டும். பில்டர்த் திருகாணியை ஒரு சுற்றுத் தளர்த்தி, நுரை போய் டீசல் கோடாக வரும்வரை கைப்பம்பை அடித்து, வரும்போதே மூடுங்கள். பிறகு டீசல் பம்பின் திருகாணி. அதன்பின்னும் பிடிக்காவிட்டால் மட்டும் இரண்டு மூன்று நொசில் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், ஒரு தரம் 15 செக்கனுக்கு மேல் வேண்டாம். அடுத்த தரத்துக்கு முன் இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது நொசில் குழாயில் கசிவைத் தேடினால் விரலால் தடவாதீர்கள், அட்டைத்துண்டைப் பிடியுங்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் குண்டூசி குத்தினதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும், நோ இல்லாவிட்டாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் டீசல் உள்ளே போனதென்று சொல்லுங்கள்.