பூட்டிய வீடுகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்பெயினின் அலிகாந்தே கடற்கரை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வீடு வாங்கி வாங்கியே அந்தக் கரையை ஊர்க்காரர்களுக்கு இல்லாமல் ஆக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். குளிர்காலத்தில் அங்கே வெயிலைப் பார்ப்பதே அபூர்வம் என்பான். மூட்டுவலியோடு இருக்கிற ஒரு வயதான தம்பதி, ஆயுசெல்லாம் சேர்த்த காசில் வெயில் அடிக்கிற ஊரில் ஒரு வீடு வாங்கினால் என்ன தப்பு? நிலத்தை விற்றவர்களும் ஊர்க்காரர்கள்தானே? காசை வாங்கிக்கொண்டு இப்போது "வராதே" என்று கோஷம் போடுவது நியாயமா?

இன்னொன்று. மகனும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து டோரெவியேஹாவில் ஒரு அபார்ட்மெண்ட் வாங்க யோசிக்கிறார்கள். வருஷத்தில் மூன்று வாரம் போய் இருப்பார்களாம். என்ன சொல்கிறீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

அந்தத் தம்பதியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கட்டுரையில் அப்படித் தொனித்திருந்தால் அது என் பிழை. நான் சொல்ல வந்தது வேறு. அதற்கு இரண்டு ஊர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அலிகாந்தே நகருக்கு வடக்கே பெனிடோர்ம். ஒரு காலத்தில் மீனவர் ஊர். சூரை மீனுக்குப் பெருவலை கட்டுவதில் அந்த ஊர் ஆண்கள் பேர் போனவர்கள். பெத்ரோ சரகோசா என்ற மேயர் 1956இல் ஊருக்கு ஒரு கட்டடத் திட்டம் கொண்டுவந்தார். ஊர் பரவவில்லை, உயர்ந்தது. கொஞ்ச இடத்தில் அடுக்கடுக்காக ஹோட்டல்கள். 1967இல் அலிகாந்தேயில் விமான நிலையம் வந்ததும் பிரிட்டனிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். இந்த வாரம் ஒருவர் படுத்த கட்டிலில் அடுத்த வாரம் இன்னொருவர் படுப்பார். குளிர்காலத்தில் கூட்டம் குறையுமே, அதற்கும் வழி செய்தார்கள். ஸ்பெயின் அரசே 1985 முதல் தன் நாட்டு ஓய்வூதியர்களைக் குறைந்த செலவில் கடற்கரை ஹோட்டல்களுக்கு அனுப்புகிறது. அதனால் ஜனவரியிலும் அங்கே சமையல்காரருக்கு வேலை இருக்கிறது. பெனிடோர்மை கான்கிரீட் காடு என்று திட்டாதவர் குறைவு. நானும் திட்டியிருக்கிறேன். இப்போது திட்டுவதில்லை.

தெற்கே டோரெவியேஹா, உங்கள் மகன் பார்த்து வைத்திருக்கிற ஊர். உப்பளத்து ஊர், அதன் ஏரி ஒன்று இளஞ்சிவப்பாக இருக்கும். 1980களில் ஸ்பெயின் தொலைக்காட்சியின் ஒரு பிரபலப் போட்டியில் "டோரெவியேஹாவில் ஒரு அபார்ட்மெண்ட்"தான் பெரிய பரிசு. ஸ்பெயின்காரர்கள் வாங்கினார்கள், பிறகு பிரிட்டிஷ்காரர்கள், ஜெர்மானியர்கள், வட ஐரோப்பியர்கள், ரஷ்யர்கள். சுற்றி வயல்வெளிகளில் வீட்டுமனைக் குடியிருப்புகள் முளைத்தன. பக்கத்து ரோஹாலெஸ், சான் ஃபுல்ஹென்சியோ ஊர்களில் இன்று ஸ்பெயின்காரர்களைவிட வெளிநாட்டவரே அதிகம்.

ஹோட்டல் அறை வருஷமெல்லாம் சம்பாதிக்கும். விற்ற வீடு ஒரு தடவைதான் காசு தரும். கொத்தனாருக்கும் சிமெண்ட் கடைக்கும் அதோடு முடிந்தது. அப்புறம் அந்தத் தெருவுக்குத் தண்ணீர், விளக்கு, குப்பை வண்டி எல்லாம் ஊர் நிர்வாகத்தின் தலையில். அங்கே நகராட்சிக்கு வரும் அரசுப் பணம் பதிவேட்டில் இருக்கிற தலைக்கணக்கைப் பொறுத்தது. பாதி வருஷம் வந்து இருக்கிறவர்களில் பலர் பதிவதே இல்லை. ஆள் இருக்கிறார்கள், கணக்கில் இல்லை. மழை குறைந்த அந்தப் பகுதிக்கு தாஹோ ஆற்றுத் தண்ணீரைத் தொலைவிலிருந்து கால்வாயில் கொண்டுவருகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விற்றவர்கள் யார் என்று கேட்டீர்கள். நிலம் வைத்திருந்தவர் விற்றார், கட்டியவர் சம்பாதித்தார். வாடகை வீட்டில் இருந்தவரிடம் விற்க என்ன இருந்தது? விற்க விரும்பாதவரும் மாட்டிக்கொண்டார். அலிகாந்தே அடங்கிய வாலென்சியா மாநிலம் 1994இல் ஒரு சட்டம் போட்டது. மனை போடுகிறவர் திட்டம் கொடுத்து அனுமதி வாங்கினால், நடுவில் இருக்கிற அடுத்தவர் நிலத்தில் ஒரு பகுதி போய்விடும் நிலை அப்போது இருந்தது. சாலை, சாக்கடைச் செலவிலும் அந்த நிலக்காரர் பங்கு கட்ட வேண்டியிருந்தது. இதில் அடிபட்டவர்களில் தோட்ட வீடு வாங்கிக் குடியேறிய வெளிநாட்டுப் பெரியவர்களே நிறையப் பேர். அவர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றம் வரை முறையிட்டார்கள். 2009இல் மார்கிரேத்த அவுக்கன் என்ற டென்மார்க் உறுப்பினரின் அறிக்கை இதைக் கடுமையாகக் கண்டித்தது. உங்கள் மூட்டுவலித் தம்பதியும் இதில் ஏமாந்த கட்சிதான்.

நவம்பர் மாலை ஒன்றில் அப்படி ஒரு குடியிருப்பில் நடந்தேன். அங்கே ஜன்னலுக்கு வெளியே சுருள் தட்டி உண்டு. இழுத்துவிட்டால் வீடு கண்ணை மூடிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒரு தெருவில் 22 வீடு, விளக்கு எரிந்தது மூன்றில். ஒன்றில் எண்பது தாண்டிய ஆங்கிலேயப் பாட்டி. கணவர் போய்விட்டார். உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். சமையலறைச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சாவி. வராத வீட்டுக்காரர்களின் சாவிகள். வாரம் ஒரு நாள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றி வருகிறார். "எனக்கு ஒன்று ஆனால் யார் வருவார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்த வீடுகளைப் பெருக்கித் துடைக்கிற பெண் இரண்டு பஸ் மாறி வருகிறாள். கரையோரம் வாடகைக்குக் கிடைப்பது செப்டம்பர் முதல் ஜூன் வரைதான். கோடையில் வார வாடகைக்கு விட்டால் பல மடங்கு கிடைக்குமே, அதனால் ஜூனில் காலி செய்ய வேண்டும். இரண்டு வருஷம் அப்படி மூட்டை கட்டிவிட்டு, மூன்றாம் வருஷம் கரையை விட்டு உள்பக்கமாகத் தள்ளிப் போய்விட்டாள். ஸ்பெயினின் இபிசா தீவில் இது இன்னும் மோசம். சீசன் வேலைக்காரர்கள் கேரவனிலும் கூடாரத்திலும் படுக்கிறார்கள்.

"வராதே" என்ற கோஷம் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 20 அன்று ஸ்பெயினின் கனாரித் தீவுகளில் சுற்றுலாப் பெருக்கத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் பிடித்த வாசகம் "கனாரிக்கு ஓர் எல்லை உண்டு" என்பது. அதைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் விசா என்று ஸ்பெயின் அரசு 2013இல் கொண்டுவந்ததை 2025 ஏப்ரலில் நிறுத்தினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வாங்கினால் 100 சதவீதம் வரை வரி போடலாம் என்று பிரதமர் சாஞ்செஸ் அறிவித்தார். இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். பாஸ்போர்ட்டை ஏன் பார்க்க வேண்டும்? மாட்ரிட்காரர் பூட்டி வைத்தாலும் அது பூட்டிய வீடுதான். வருஷமெல்லாம் அங்கேயே இருந்து, பதிந்துகொண்டு, சந்தையில் மீன் வாங்குகிற பாட்டி அந்த ஊர்க்காரி.

சரி, உங்கள் மகன் விஷயம். மூன்று வாரத்துக்கு ஒரு வீடு எதற்கு? பெனிடோர்மில் அறை எடுக்கட்டும். பிப்ரவரியில் போனால் வாடகையும் குறைவு, சுற்றுப்புற மலையடிவாரங்களில் பாதாம் மரங்கள் பூத்திருக்கும். நீங்களும் கூடப் போகலாம். இல்லை, வாங்கியே தீருவோம் என்றால், ஊரில் வேலை பார்க்கிற ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விடட்டும். பன்னிரண்டு மாதத்துக்கும். ஜூனில் காலி செய்யச் சொல்ல வேண்டாம்.