மடித்து வைக்கும் முதுகுப்பை எதற்காக? கேள்வி பதில்

பை வடிவமைப்பதும் தைப்பதும்தான் என் வேலை. உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்குச் சுருங்கி, தேவைப்படும்போது முதுகுப்பையாக விரிகிற ஒரு பயணப் பையை உருவாக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது, அதற்குள் ஒன்பது மாதிரிகள் தைத்தேன். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஒன்பது மாதிரிகள் தைத்ததாகச் சொன்னீர்கள். ஒரு பைக்கு அத்தனை எதற்கு?

தையலில் மட்டும் குறை இருந்திருந்தால் மூன்றிலேயே முடிந்திருக்கும். இது எதற்கான பை என்பதே எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் சிக்கல். முதல் மாதிரியை எல்லாவற்றுக்கும் ஒரே பையாக நினைத்தேன். 30 லிட்டர் கொள்ளளவு, முதுகுக்கு மெத்தை, மடிக்கணினிக்குத் தனி அறை, இடுப்புப் பட்டை. நல்ல பைதான், ஆனால் சுருட்டினால் தலையணை அளவுக்கு வந்தது. அப்புறம் எதிர்ப்பக்கம் ஓடினேன். நான்காவது மாதிரி 90 கிராம். ஒரு தண்ணீர் பாட்டில் போட்டு ஒரு மணி நேரம் நடந்தாலே பட்டை தோளை அறுத்தது.

ஐந்தாவதை ஆறு பேரிடம் கொடுத்தேன். “நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டாம். எப்போது வெளியே எடுத்தீர்கள், உள்ளே என்ன போட்டீர்கள், எப்போது திரும்ப மடித்தீர்கள், இதை மட்டும் எழுதி வையுங்கள்” என்றேன். ஆறு பேருமே கிளம்பிய நாளில் அதைத் தொடவில்லை. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையில்தான் பை வெளியே வந்திருக்கிறது. உள்ளே போனது தண்ணீர், ஒரு மேல்சட்டை, குடை, வழியில் வாங்கிய ஏதோ ஒன்று. திரும்பும் நாளில் பெரிய பையில் இடம் போதாமல் மீண்டும் ஒரு முறை எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் யாரும் எதுவும் எழுதவில்லை. ஒருவர்கூட அதைத் திரும்ப மடிக்கவில்லை! அதோடு கொடுத்த சிறு தனி உறைக்குள் திணிப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்ததால், ஊர் திரும்பும்வரை நாற்காலியிலேயே தொங்கவிட்டிருந்தார்கள்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. பெரிய பையை அறையில் வைத்துவிட்டுக் கைவீசி நடக்கிற அந்தச் சில மணி நேரத்துக்கான பை இது. மற்ற நேரமெல்லாம் இருப்பதே தெரியாமல் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முடிவையும் இதை வைத்தே எடுத்தேன்.

என்ன துணி? டெனியர் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ, அதுதான் அதன் டெனியர். எண் கூடக் கூட நூல் தடிமன். நான் பையின் உடலுக்கு 70 டெனியர் ரிப்ஸ்டாப் நைலானும், தரையில் உராய்கிற அடிப்பகுதிக்கு 210 டெனியரும் வைத்தேன். ரிப்ஸ்டாப் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். கட்டத்தின் கோடுகளில் வலுவான நூல் ஓடுகிறது. எங்காவது ஆணி பட்டுக் கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கோட்டில் தடைபடும்.

தண்ணீர் புகாமல் இருக்கத் துணியில் பூசும் பூச்சையும் கவனியுங்கள். சிலிக்கோன் பூச்சு துணியின் கிழிதாங்கும் வலுவைக் கூட்டும், வழுவழுப்பாகவும் இருக்கும், ஆனால் தையல் ஓட்டைகளை மூட ஒட்டும் வழக்கமான டேப் அதில் ஒட்டாது. பாலியூரித்தேன் பூச்சில் டேப் ஒட்டும், ஆனால் ஈரத்திலேயே கிடந்தால் சில வருடங்களில் பிசுபிசுத்து உரிந்துவிடும். வெளியே சிலிக்கோன், உள்ளே பாலியூரித்தேன் பூசிய துணியைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

மழை தாங்குமா?

துணி தாங்கும். ஊசி போன ஓட்டைகளும் ஜிப்பும் தாங்காது. நனையக் கூடாத பொருளைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுவிடுங்கள். நீர்புகா ஜிப் வைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். அது விறைப்பாக இருப்பதால் பை சுருங்காது, எனவே தவிர்த்துவிட்டேன்.

உறைக்குள் மடிக்கும் பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள்?

தனி உறையையே எடுத்துவிட்டேன், அது முதல் பயணத்திலேயே தொலைந்துவிடும். பையின் உள்பக்கம் இருக்கும் சிறு பாக்கெட்டே வெளிப்புறமாகத் திரும்பி உறையாகிறது. அதன் ஜிப்பில் இரண்டு பக்கமும் இழுப்பான் உள்ள ஸ்லைடர் போட்டேன், இல்லையென்றால் திருப்பிய பிறகு மூட முடியாது. முக்கியமான மாற்றம் அளவில்தான். எவ்வளவு சின்னதாக முடியுமோ அவ்வளவு சின்னதாக இருந்த பாக்கெட்டை ஒன்றரை மடங்கு பெரிதாக்கினேன். “உள்ளங்கை அளவு” என்ற பெருமை கொஞ்சம் குறைந்தது, ஆனால் எட்டாவது மாதிரியை நின்றுகொண்டே அரை நிமிடத்தில் திணித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான்.

இன்னொன்று, மடிக்காதீர்கள், திணியுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடிப்பு விழுந்தால் பூச்சு அங்கேதான் முதலில் விரிசல் விடும்.

அக்கா, மெத்தை இல்லாத பட்டை தோளை அறுக்காதா?

அகலமாக இருந்தால் அறுக்காது, தம்பி. தோளை அறுப்பது பெரும்பாலும் பட்டையின் ஓரம்தான். 6 செ.மீ. அகலத்தில் கனமான வலைத்துணி வைத்து, ஓரத்துக்கு மெல்லிய மடிப்பு நாடா கொடுத்தேன். 4, 5 கிலோ வரை சுகமாக இருக்கிறது, அதற்கு மேல் இந்தப் பையில் ஏற்ற வேண்டாம். பட்டை பையின் உடலோடு சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத் தையல் கட்டாயம் போடுங்கள், பை பிய்வது பெரும்பாலும் அங்கேதான்.

இதையே ஒரே பையாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் போய்வரலாமா?

வேண்டாம். முதுகுக்கு எந்தத் தாங்கலும் இல்லை, உள்ளே இருக்கும் பொருளின் முனையெல்லாம் குத்தும். அந்த வேலைக்கு வேறு பை இருக்கிறது.

வீட்டில் நானே தைத்துப் பார்க்க ஆசை. எங்கே ஆரம்பிக்க?

நைலானில் கை வைக்காதீர்கள். முதலில் பழைய போர்வையில் வெட்டித் தையுங்கள், உங்கள் பாட்டிலையும் குடையையும் போட்டு நடந்து பாருங்கள். பட்டையின் நீளம் தப்பாக இருப்பது அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் நைலானுக்கு வாருங்கள். குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நின்றுவிடும், எனவே துணிகளைக் கிளிப் போட்டுப் பிடியுங்கள். பாலியஸ்டர் நூல், 80 எண் ஊசி, தையலின் நீளம் 3 மி.மீ. நெருக்கித் தைத்தால் வலு கூடும் என்று தோன்றும், ஆனால் மெல்லிய துணியில் அது தபால்தலை ஓரம் மாதிரி துளை போட்டு, அந்த வரிசையிலேயே கிழித்துவிடும். வெட்டிய ஓரங்கள் பிசிறு விடும், நாடா வைத்து மூடுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு வாரம், வெளியே போகும்போதெல்லாம் கையில் என்னென்ன தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு வந்தால் எத்தனை லிட்டர், எத்தனை பாக்கெட் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.